மலைநாட்டுச் சீழ்க்கைக் குருவியைத் தேடி

தெமட்டகொடையிலே பறவை என்றால் முதலிற் காகம், இரண்டாவதும் காகம். மூன்றாம் இடத்துக்குத்தான் மற்றவை போட்டியிடல் வேண்டும். ஆயினும் பொறுமையோடு பார்ப்பவர்க்கு இவ்வூர் அத்துணை வறியதன்று. கால்வாயோரத்து மின்கம்பியில் நீல முதுகுடைய மீன்கொத்தி ஒன்று நாள்தோறும் அலுவலகத்துக்கு வருவதுபோல் வந்து அமர்கின்றது. தண்டவாளங்களுக்கிடையே முளைத்த புல்லில் தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகக் கூடிச் சச்சரவிடுகின்றன. மார்கழி, தை மாதங்களிலே, யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு மரங்கள் வெட்டுக்குத் தப்பி நின்றால், இந்தியாவிலிருந்து வந்த ஆறுமணிக் குருவி விடியலிலும் அந்தியிலும் தவறாது குரல் கொடுக்கும். அப்பறவையின் உடலில் எத்தனையோ நிறங்கள் உண்டு. ஆயினும் நம் முன்னோர் நிறத்தைப் பார்த்துப் பெயரிடாமல், அது கூவும் வேளையைக் கேட்டுப் பெயரிட்டார்கள். கண்ணுக்கு அகப்படுமுன் காதுக்கு அகப்படும் பறவைகள் பல உண்டென்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

நாம் தேடிச் சென்ற மலைப் பறவையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. உலகில் வேறெங்கும் காணப்படாது இலங்கைக்கே உரியனவாக முப்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் உள்ளன. அவற்றுள்ளும் காண்பதற்கு மிக அரியவற்றுள் ஒன்று இலங்கைச் சீழ்க்கைக் குருவி. தென்னிந்திய மலைகளில் வாழும் சீகாரப் பூங்குருவிக்கு இது தங்கை முறை எனலாம். ஏறத்தாழ 20 சென்டிமீற்றர் நீளம்; மைனாவிலும் சற்றுச் சிறியது. ஆண் பறவை கருமை நிறம். தலையிலும் கழுத்திலும் மார்பிலும் கருநீல மினுக்கம். தோளில் மட்டும் ஒளிவிடும் நீலத் திட்டு ஒன்று. பெண் பறவை பழுப்பு நிறம். அதற்கும் தோளில் அந்நீலம் உண்டு. உயர்ந்த மலைக்காடுகளிலே, விரைந்தோடும் ஓடைகளின் கரையிலே, வெயில் நுழையாத இடமாகப் பார்த்து வாழ்வது. பூச்சி புழுக்களோடு சிறு தவளை, பல்லி முதலியவற்றையும் உண்ணும். பொழுது புலரும் வேளையிலும் மங்கும் வேளையிலுமே வெளிப்படும். மற்றை நேரங்களில் அது இருக்கும் புதருக்கு முன்னே நாம் நாள் முழுவதும் நின்றாலும் ஒன்றும் தெரியாது.

இப்பறவையின் வரலாறு மலையகத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. சாமுவேல் பிளை என்ற காப்பித் தோட்டத் துரை 1868 ஆம் ஆண்டில் இதனைக் கண்டார். 1872 இல் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயர் இதனை விவரித்து எழுதிப் பிளையின் பெயரையே இதற்கு இட்டார். இடையில் 1869 இல் காப்பிச் செடியின் இலைகளில் துருநோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் தோட்டங்களையெல்லாம் அது தின்று தீர்த்தது. காட்டை வெட்டிக் காப்பி நட்ட கூட்டத்திலிருந்தே காட்டுக்குள் வாழ்ந்த குருவியைக் கண்டு சொன்னவரும் வந்தார் என்பது விந்தையே. துரையின் பெயர் நூலில் ஏறிற்று. அவருக்கு முன்னே கத்தியும் கோடரியும் ஏந்தி வழி வெட்டிச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர் அக்குருவியின் சீழ்க்கையைக் கேளாதிருந்திருக்க முடியாது. அவர்கள் அதற்கு என்ன பெயர் இட்டழைத்தனர் என்று எழுதி வைத்தாரில்லை.

அக்குருவிக்குப் பின்னர் இலங்கையில் ஒரு புதிய பறவை கண்டுபிடிக்கப்பட 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1995 இல் கித்துல்கலைக் காட்டில் இனந்தெரியாத ஒரு குரலைத் தீபால் வறக்காகொட என்னும் பறவை ஆராய்ச்சியாளர் கேட்டார். அக்குரலுக்குரிய செந்நிறச் சிற்றாந்தையைச் சிங்கராசவனத்தில் அவர் கண்ணாற் கண்டது 2001 ஆம் ஆண்டு சனவரியிலேதான். குரலுக்கும் உருவத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள்!

எமது அயலவர் ஒருவருக்கோ அவ்விடைவெளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது. அவர் ஓய்வுபெற்ற புகையிரத என்ஜின் சாரதி, வயது எழுபத்தெட்டு. நீராவி என்ஜின்களின் கடைசிக் காலத்திலே தெமட்டகொடை என்ஜின் கொட்டகையில் நிலக்கரி வாரிப் போடுபவராகச் சேர்ந்தவர். பின்னர் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் என்ஜின்களை, ஒன்ராறியோ, அல்பர்ட்டா என்று பெயர் பொறித்த அவ்வென்ஜின்களை, மலைப்பாதையில் ஓட்டியவர். மலையில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். நிலைய அதிபர் கையில் தரும் வளையமும் அதிற் கோத்த ‘டப்லட்’ வில்லையும் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த நிலையத்துக்கு நகர முடியாது. எதிர் வண்டி வந்து சேரும்வரை காத்திருத்தல் வேண்டும். இரவு வண்டியோடு பட்டிப்பொலையில் அவ்வாறு காத்திருந்த விடியற் பொழுதுகளிலே, பாதைக்குக் கீழேயுள்ள பள்ளத்திலிருந்து நீண்டு மெலிந்த ஊதல் ஒன்று வருமாம். “ஒரே ஊதல், மாஸ்டர். கம்பி இழுத்ததுபோல. இரண்டாம் முறை ஊதாது. இறங்கிப் பார்க்க முடியுமா? என்ஜினை விட்டு இறங்கினால் வேலை போய்விடும்” என்று அவர் எம்மிடம் கூறியதுண்டு.

அவ்வொலியை அவர் பற்களிடையே ஊதியும் காட்டினார். எமது மாணவருட் பறவைப் பித்துப் பிடித்த ஒருவன் கேட்டவுடன், “சேர், இது அரெங்காதான்” என்று துள்ளிக் குதித்தான். நாம் அவ்வளவு விரைவில் ஒப்பவில்லை. மலைக்காட்டிலே ஊதுகின்ற பறவைகள் பல. நாற்பது ஆண்டு நினைவு ஒரு சுரத்தை ஏற்றவும் கூடும், இறக்கவும் கூடும். ஆயினும் பெரியவரின் ஆவல் எம்மை உறுத்திக்கொண்டேயிருந்தது. என்ஜின் இரைச்சலிலே வாழ்நாளைக் கழித்தமையால் அவர் செவி மந்தித்துவிட்டது. அதிலும் உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய ஓசை எதுவும் இப்போது அவருக்குக் கேட்பதில்லை. கண்ணிலே வெண்படலம் நீக்கிய பின் பார்வை மட்டும் இளைஞர்போல் இருக்கின்றது. கேட்ட காலத்திற் பார்க்கவில்லை, இனிக் கேட்கவும் முடியாது, பார்க்கவாவது வேண்டும். அவர் கேட்டது இவ்வளவே.

அரெங்கா என்பது இப்பறவை முன்னர் அடக்கப்பட்டிருந்த பேரினத்தின் பெயர். சிங்களத்திலும் இதனை அரங்கயா என்பர். இதைக் கேட்ட மாணவர் இருவர், “அப்படியானால் அரங்கன்தானே, சேர்! நீலமேனியும் பொருத்தமாக இருக்கிறதே!” என்று சீரங்கத்துப் பெருமாளை மலையேற்றிவிட்டனர். இஃது ஒலி ஒற்றுமையேயன்றி வேறில்லை என்று நாம் எடுத்துரைத்தோம். பயணம் முழுவதும் அவர்கள் அரங்கன் என்றே சொல்லி வந்தனர்.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில், நவம் போயாவோடு வந்த வார இறுதியிலே புறப்பட்டோம். மாணவர் மூவர், பெரியவர், நாம். தெமட்டகொடையிலேயே புகையிரத நிலையம் இருந்தும், கடுகதி வண்டி அங்கே நிற்பதில்லையாதலால், கோட்டைக்குப் போய் வண்டியேறி, சில நிமிடங்களில் எமது வீட்டுக் கூரைகளையே கடந்து செல்லவேண்டியதாயிற்று. என்ஜின் கொட்டகையைக் கண்டதும் பெரியவர் கையை உயர்த்தினார். அங்கே அவரைப் பார்ப்பதற்கு யாரும் நிற்கவில்லை. அடுத்தாற்போல் களனி கங்கைப் பாலம். கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்தே அம்பத்தலையில் எடுக்கப்படுகின்றது. அந்த ஆற்றின் கிளைகளுள் ஒன்று பிறக்கும் உயரத்துக்கே போகின்றோம் என்று மாணவருக்குக் கூறினோம். அவர்கள் அப்போது வடை வாங்குவதிற் கருத்தாயிருந்தனர்.

மலைப்பாதையின் அழகைப் பலர் எழுதிவிட்டனர்; நாம் அதை விரிக்கப் போவதில்லை. 1867 இற் கண்டியை எட்டிய இருப்புப்பாதை நானு ஓயாவை எட்ட 1885 வரையும், பதுளையை எட்ட 1924 வரையும் சென்றது என்ற கணக்கே அதன் ஏற்றம் எத்தகையது என்பதைக் காட்டும். பாதையின் உச்சி பட்டிப்பொலைக்கு அப்பால் 6226 அடி உயரத்தில் இருக்கின்றது. வளைவுகள்தோறும் பெரியவர், “இங்கே வேகத்தைக் குறைப்பான் பாருங்கள்” என்பார். வண்டியும் அவர் சொற்படி குறையும். மாணவருக்கு இது பெரும் வேடிக்கையாயிற்று.

பிற்பகலிற் பட்டிப்பொலையில் இறங்கினோம். குளிர் எலும்பைத் தொட்டது. மாலையிலே தண்டவாளத்துக்குக் கீழேயுள்ள ஓடைக்கரையில் இருள் மூடும்வரை நின்றோம். முசுக்களின் உறுமல் கேட்டது, தவளைகள் கேட்டன, தொலைவிற் கோயில் ஒலிபெருக்கியும் கேட்டது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை பெரியவர் எமது முகத்தைப் பார்த்து, “கேட்கிறதா?” என்பார். “இல்லை, ஐயா” என்போம். ஒரு முறையேனும் கேட்கிறது என்று சொல்லிவிடலாமா என்று எமக்குத் தோன்றிற்று. சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். முழுநிலவு மேற்கே தாழ்ந்துகொண்டிருந்தது. சிங்களத்தில் மகா எலிய எனப்படும் இச்சமவெளி 2100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சர் றொபேட் வில்மொட் ஹோர்ட்டனின் பெயரால் வழங்கி, 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. வாயில் திறப்பது காலை ஆறு மணிக்கு. எமக்கு முன்னே வான்களின் நீண்ட வரிசை. மூடுபனி ஏறுமுன் ‘உலக முடிவு’ என்னும் பெரும் பாறைச் சரிவைக் காணவேண்டுமென்ற அவசரம் அவர்கள் அனைவருக்கும். குருவிக்கோ ஆறு மணிக்குப் பின் வெளிச்சம் கூடக் கூட நாணம் கூடும். இரு சாராரும் ஒரே வாயிலில் ஒரே கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தோம்.

பயணியர் கூடுமிடமான பழைய ‘பார்’ விடுதியை அடைவதற்குச் சற்று முன்னே, தெருவோரத்தில் சிறிய கரிய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. குருவியின் பெயரால் அதனை அரெங்காக் குளம் என்றே அழைக்கின்றனர். பாசி போர்த்த மரங்கள் அதன்மேற் குனிந்து நிற்கின்றன. கரையிலே குட்டை மூங்கிலும் நெலுச் செடியும் நெருங்கி வளர்ந்துள்ளன. இந்நெலு நீலகிரிக் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. ஏறத்தாழப் பன்னீராண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூப்பது. 2013 இல் இங்கு பூத்தது. குறிஞ்சித்திணையைப் படிக்கும் கொழும்பு மாணவர் அதனைத் தமிழ்நாட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை.

வானை ஓட்டி வந்தவர் தோட்டத்திற் பிறந்த இளைஞர். பறவை தேடுவோரை அழைத்துவந்து பழகியவர். அரை மணி நேரம் கழிந்தும் ஒன்றும் வராமை கண்டு, எமக்கு உதவும் நல்லெண்ணத்தோடு கைத்தொலைபேசியை எடுத்தார். “குருவியின் சத்தம் இதில் இருக்கிறது, ஐயா. ஒரு நிமிடம் போட்டால் வந்துவிடும்” என்றார். மாணவர் முகம் மலர்ந்தது. தன் எல்லைக்குள் வேறொரு குருவி புகுந்துவிட்டதென்று எண்ணிப் பறவை ஓடிவரும், அதுவே இத்தந்திரம். சனவரி முதல் மே வரை இது கூடு கட்டும் காலம். பாறை விளிம்பிலோ மரக்கவட்டிலோ பாசியாற் கட்டிய கூட்டிலே முட்டை ஒன்றோ இரண்டோதான். இதையெல்லாம் நாம் மாணவருக்கு விளக்கத் தொடங்கினோம். பேச்சு என்னவென்று புரியாத பெரியவர், ஒருவனிடம் கேட்டறிந்துகொண்டு, இளைஞரைப் பார்த்துச் சொன்னார்:

“வேண்டாம், தம்பி. பொய்யாகக் கைகாட்டியை இறக்கி ஒரு வண்டியை வரவழைக்கலாமா? வருகிறவன் நம்பித்தானே வருகிறான்.”

இளைஞர் ஒன்றும் பேசாது தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். எமது விளக்கமும் அத்துடன் நின்றது. யாரைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக இத்தனை மைல் வந்தோமோ, அவரே வேண்டாம் என்றபின் பேச என்ன இருக்கின்றது?

மேலும் இருபது நிமிடம். மஞ்சட்செவிக் கொண்டைக்குருவி இரண்டு வந்து பழம் தின்று சென்றன. மங்கலான நீலமுடைய ஈப்பிடிப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து எம்மை ஆராய்ந்தது. இவையும் இலங்கைக்கே உரியவைதாம். வேறொரு நாளாயின் அவற்றுக்கே ஒரு கட்டுரை எழுதியிருப்போம். வான்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிச் சென்றன. அவ்விரைச்சல் ஓய்ந்த ஓர் இடைவெளியிலே, மெல்லிய கூரிய சீழ்க்கை ஒன்று காட்டை ஊடுருவிற்று.

மாணவர் மூவரும் நாமும் ஒரே வேளையில் மேட்டுப் பக்கம் திரும்பினோம். ஒலி கரையில் மோதித் திரும்பி அங்கிருந்தே வருவதுபோல் இருந்தது. எதுவும் கேளாத பெரியவர் மட்டும் திரும்பவில்லை. முன்பு பார்த்துக்கொண்டிருந்த நீர்விளிம்பையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, விழுந்து கிடந்த பாசி படிந்த மரத்தின்மேல், கரிய குருவி ஒன்று வந்து இறங்கிற்று. அவர் எமது முழங்கையை அழுத்திப் பிடித்தார். நாம் திரும்பியபோது அது வாலை ஒரு முறை விரித்து மூடி, நிழலுக்குள் தாவிற்று. தோளின் நீலம் மட்டும் ஒரு கணம் எமக்குக் கிடைத்தது. மாணவருள் ஒருவன் வாலைக் கண்டேன் என்றான். மற்றையிருவருக்கும் அதுவும் இல்லை. பெரியவர் கண்டது பத்து நொடி இருக்கலாம். தொலைநோக்கி அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க அவர் நினைக்கவேயில்லை.

பின்னர் சமவெளியில் நடந்தோம். பொலித்தீன் உறைகளை நுழைவிடத்திலேயே சோதித்து வாங்கிவிடுகின்றனர், நல்ல ஏற்பாடு. உலக முடிவை மூடுபனி எமக்கு முன்னரே அடைந்துவிட்டது. எமது மனத்தில் நின்றவை வழியிலே இலையின்றி வெளுத்து நின்ற மரங்களே. 1873 இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் கூறிய ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று ஆங்கில அரசு தடுத்தது. சீழ்க்கைக் குருவி நூலில் ஏறிய மறு ஆண்டிலேயே அக்கட்டளை பிறந்திராவிட்டால், காப்பிக்குப் பின்வந்த தேயிலை இம்முகட்டையும் மூடியிருக்கும். இன்று கோடரி இல்லை. ஆயினும் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. மண்ணா, காற்றா, வறட்சியா, நகரங்களின் புகையா என்று ஆராய்ச்சியாளர் பல காரணங்களைக் கூறுகின்றனர். முடிவு ஒன்றாக இல்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இவ்வுயரத்திலிருந்தே நீர் இறங்குகின்றது. மேகத்தை வடித்து ஓடைக்கு அனுப்புவன இம்மரங்கள். நிழல் போனால் குருவி முதலிற் போகும். அடுத்தது எது என்று ஒரு மாணவன் கேட்டான். அம்பத்தலையை நினைத்துக்கொள் என்றோம்.

அடுத்த நாள், திரும்பும் வண்டிக்காகப் பட்டிப்பொலை நிலையத்துக் கதிரையில் அமர்ந்திருந்தோம். குருவியைக் காணாத மாணவர் பெரியவரைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேற் கேள்வி கேட்டனர். நீலம் எப்படி? மயிற்கழுத்து நீலமா, மீன்கொத்தி நீலமா? கால் கறுப்பா? அவர் ஒவ்வொன்றுக்கும் ஆர அமர விடை கூறினார். மீன்கொத்தியிலும் ஆழ்ந்த நீலம் என்றார். எண்ணெய் துடைத்த புதிய இரும்பிலே வெயில் பட்டாற்போல என்றார். பின்னர் அவருடைய முறை வந்தது.

“தம்பிமாரே, அது ஊதியது ஒரு முறையா, இரண்டு முறையா?”

“ஒரு முறைதான், தாத்தா. நீளமாக ஒரே ஊதல்.”

“கம்பி இழுத்ததுபோலவா?”

“அப்படியேதான்.”

“அப்படியானால் அதுவேதான்” என்றார் பெரியவர். நிலைய அதிபர் வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். கைகாட்டி இறங்கிற்று.